மல்லாட்டையைக் காணவில்லை

லேப்டாப்பில் எண்டரைத் தட்டினால் போதும், மேசை மேல் கிடக்கும் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். எங்கள் செயலி தானே ஏறும், தானே திறக்கும், பொத்தான்கள் தாமே அழுந்தும். யார் விரலும் படாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கைதட்டத் தோன்றும். "ஏய், சர்க்கஸா பாத்துக்கினு இருக்கே?" என்பாள் என் தோழி. அவளும் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்பாள்.

விழுப்புரத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை மாடியில் நாங்கள் இருவரும் நடத்திய கம்பெனி அது. கம்பெனி என்றால் ஒரு மேசை, இரண்டு லேப்டாப், சோதனை செய்ய ஊரெல்லாம் இரவல் வாங்கிய போன்கள். கண்ணாடி விரிசல் விட்டது, சார்ஜ் நிற்காதது, கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் துபாய் போகும்போது விட்டுவிட்டுப் போனது என்று சகல ரகமும் உண்டு.

செயலி மல்லாட்டை விவசாயிகளுக்கானது; எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். அன்றைய விலையை அதில் பார்க்கலாம். நேரில் ஓட்டிக் காட்டினால் எடுத்துக்கொள்கிறோம் என்று திண்டிவனத்தில் ஓர் உழவர் குழு சொல்லியிருந்தது. அது நடக்காவிட்டால் தோழி சென்னைக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லி, வருகிறாயா இல்லையா என்று நாங்கள் திண்டிவனம் போகும் அன்றைக்கே பதில் கேட்டிருந்தது. அவள் போனால் எங்கள் கம்பெனியில் மிஞ்சுவது நானும் மேசையும்தான்.

திண்டிவனம் பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது அவளுக்குத் திடீரென்று ஞானோதயம். "குழுத் தலைவரு முன்னாடி மல்லாட்டைன்னு இருந்தா நல்லாவா இருக்கும்? பட்டன்ல நிலக்கடலைன்னு மாத்திடட்டுமாடி?"

"சூப்பரு, மாத்து" என்றேன். மடியில் லேப்டாப்பை வைத்தே மாற்றிவிட்டாள். பாடப்புத்தகம் மாதிரி மரியாதையாக இருந்தது.

திண்டிவனத்தில் குழுவின் கூடம் நிரம்பியிருந்தது. போன்களையெல்லாம் வரிசையாக லேப்டாப்பில் மாட்டினோம். எண்ணிக்கை கூடட்டும் என்று தோழி தன் போனையும் சேர்த்தாள். லேப்டாப் திரை சுவரில் பெரிதாக விழுந்தது. எண்டரைத் தட்டினேன். போன்கள் எல்லாம் சேர்ந்து விழித்தன, செயலி திறந்தது, "அட!" என்றது கூட்டம். நான் மிதந்தேன்.

அடுத்த நொடி எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. சுவரில் சிவப்பு எழுத்தில் பெரிதாக ஒரு வரி வந்தது: 'மல்லாட்டையைக் காணவில்லை.'

லேப்டாப்பிலிருந்து போன்களை இயக்கும் எங்கள் கருவி, பொத்தானை அதன் மேல் எழுதியிருக்கும் பெயரை வைத்துத்தான் தேடும். பொத்தானில் பெயரை மாற்றிய நாங்கள் கருவிக்குச் சொல்லவில்லை. அது பாவம், மல்லாட்டையைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டது.

பின்வரிசையில் ஓர் அம்மா, "இன்னாம்மா, லாரி லாரியா ஏத்தி அனுப்பிக்கினு கீறோம், மல்லாட்டையக் காணோமா? போலீஸ்ல சொன்னீங்களா?" என்றார். கூடமே குலுங்கிச் சிரித்தது. தலைவர் சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் அழுகை முட்டியது.

தோழி விஷயத்தை உடைத்துச் சொன்னாள். "எங்களுக்கு இன்னாத்துக்கும்மா நிலக்கடலை? மல்லாட்டைன்னே போடுங்க, ஜல்தி" என்றார் தலைவர். ஒரே சொல். அவள் நின்றபடியே பொத்தானில் மாற்றினாள். மறுபடி எண்டர். இந்த முறை போன்கள் நிற்கவே இல்லை. திறந்தன, தேடின, மல்லாட்டையைக் கண்டுபிடித்து அழுத்தின, விலை எல்லாத் திரையிலும் வந்து நின்றது. கைதட்டல்! நானும் வெட்கமில்லாமல் சேர்ந்து தட்டினேன்.

"என் போன்லயும் ஏத்து" என்று ஒருவர் எழுந்தார். பின்னாலேயே கூட்டம் மொத்தமும் போனை நீட்டிக்கொண்டு மேசையை மொய்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, மாட்டியிருந்த தோழியின் போன் அலறியது. சென்னைக் கம்பெனி. அவள் என்னைப் பார்த்தாள்.

போனை எடுத்து, அந்த இரைச்சலுக்கு மேலே கத்தினாள்: "நான் வர்ல சார்! இங்க தலைக்கு மேல வேலை கெடக்குது!"

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இன்னாடி மசமசன்னு நின்னுக்கினு கீறே? அந்த அம்மா போனை வாங்கி மாட்டு."