மைக் அக்காவின் கடைசி அறிவிப்பு

பேருந்து நிலையத்தில் அவரை எல்லாரும் மைக் அக்கா என்றுதான் அழைத்தார்கள். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. அப்படிப்பட்டவருக்கா தொண்டையில் கட்டி வர வேண்டும்? நோய்க்கு விவஸ்தையே கிடையாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு உயிர் இருக்கும், குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் கணவர் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பவர். வீட்டின் முன்னறைதான் கடை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய வாரம் மனைவியை மைக் முன்னால் உட்கார வைத்து, "ஏதாவது பேசும்மா. உன் குரல் எனக்கு வேணும்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். அக்காவுக்கோ மைக்கைக் கண்டால் ஒரே ஒரு பாஷைதான் வரும்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மளிகைக் கடைக்குப் புறப்படும் வீட்டுக்காரர் பையை மறக்காமல் எடுத்துச் செல்லவும். குளியலறை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது."

அழுதுகொண்டிருந்த மனிதர் சிரித்துவிட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் அறிவிப்புகள்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் ஒன்றை மட்டும் அக்கா, "நீங்க வெளிய போங்க, இதை நான் தனியாப் பேசணும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தார்.

எல்லாம் வெளியே மாட்டுகிற ஒரு ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்தன. வீடியோக்காரர் தினமும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவற்றைக் கேட்பார். கடைசி அறிவிப்பை மட்டும் தொடமாட்டார். "அதையும் கேட்டுட்டா அப்புறம் புதுசா எதுவும் இருக்காதேம்மா" என்பார். அக்காவுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். குரல் போன பிறகு கையைத் தட்டித்தான் அவர் யாரையும் கூப்பிடுகிறார். டீ ஆறுகிறதே என்று அடுக்களையிலிருந்து தட்டுவார். முன்னறையில் இந்த மனுஷனுக்கு எங்கே கேட்கிறது? குத்துக்கல்லாட்டம் நான் இங்கே இருக்கும்போது பெட்டியோடு குடித்தனம் நடத்துகிறாரே என்று நினைத்துக்கொள்வார்.

அந்த டிஸ்கை வீடியோக்காரர் ஒருநாளும் கழற்றியதில்லை. முன்பொரு முறை வேறொரு டிஸ்கை அவசரமாகப் பிடுங்கி, யார் வீட்டுக் கல்யாணத்திலோ பாதியைத் தொலைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர். அதனால் கம்ப்யூட்டரையே அணைக்காமல் தூங்க மட்டும் வைப்பார். நேற்று மழையில் கரண்ட் போனது. வந்த பிறகு பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரை, அதில் ஒரு வரி ஆங்கிலம், அவ்வளவுதான். மறுபடியும் அழுத்தினார். அதே வரி. அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

கம்ப்யூட்டர் மெக்கானிக்கைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, வெளியில ஏதாவது மாட்டியிருக்கா?"

"ஹார்ட் டிஸ்க் இருக்கு."

"அதாண்ணே. எழுந்திரிச்சதும் கம்ப்யூட்டர் முதல்ல வெளி டிஸ்குக்குள்ள போயி விண்டோஸைத் தேடுது. அங்க ஏது விண்டோஸ்? அது உள்ள இருக்கிற டிஸ்குலல்ல இருக்கு. அப்படியே நின்னுடுது. அதைக் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. எதுல முதல்ல தேடணும்னு அப்புறமா மாத்திக்கலாம்."

அக்காவுக்குச் சட்டென்று புரிந்தது. தப்பான நடைமேடையில் மூட்டையோடு காத்திருக்கும் எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார்! கழட்டுங்கள் என்று சைகை காட்டினார்.

"முடியாதுப்பா" என்றார் வீடியோக்காரர். "பிடுங்கி, உள்ள இருக்கறது போயிடுச்சுன்னா? அவ குரல் வேற எங்கயும் இல்ல."

"கம்ப்யூட்டரை அணைச்சுட்டா கழட்டலாம்ணே, ஒண்ணும் ஆகாது."

அவர் அசையவில்லை. அக்கா குனிந்து, கம்ப்யூட்டரை அணைத்து, டிஸ்கின் ஒயரைத் தானே உருவிவிட்டார்.

"ஐயோ!" என்று அலறினார் வீடியோக்காரர்.

அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளாமல் பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. திரை வெளுத்து, பழைய படம் வந்து நின்றது. ஒயரைத் திரும்பச் செருகினார். டிஸ்க் திரையில் தெரிந்தது. அறிவிப்புகள் ஒன்று குறையாமல் வரிசையாக நின்றன. வீடியோக்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, குழந்தை மாதிரி தேம்பினார்.

"போயிருந்தா என்னம்மா பண்ணியிருப்பே? உனக்குப் பயமாவே இல்லையா?"

அக்கா பதிலுக்கு ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிப் போட்டார். மவுசை வாங்கி, அவர் தொடாமல் வைத்திருந்த அந்தக் கடைசி அறிவிப்பை அழுத்தினார். அவர் தடுக்கக் கையை நீட்டுவதற்குள் முன்னறை முழுக்க அந்தப் பழைய கணீர்க் குரல் நிறைந்தது.

"வீட்டுக்காரரின் கனிவான கவனத்திற்கு. நாளை இங்கிருந்து புறப்பட்டுச் செல்வது குரல் மட்டுமே. அறிவிப்பாளர் இந்த வீட்டிலேயேதான் இருப்பார். இனிமேல் அவர் கையைத் தட்டித்தான் கூப்பிடுவார். வீட்டுக்காரர் இந்தப் பெட்டியையே கட்டிக்கொண்டு அழாமல், தட்டும்போது திரும்பிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். நன்றி."

வீடியோக்காரர் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா கையைத் தட்டினார்.

அவர் திரும்பிப் பார்த்தார்.