அலகு குத்திய அன்று நிற்காத ரத்தம்

எனக்கு வந்திருப்பது பெரும்பாலும் குடிகாரர்களுக்கு வரும் வியாதி என்று தெரிந்தபோது, வயிற்று வலியைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகமாக இருந்தது. நான் பீர் பாட்டிலை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. கணையம் என்று ஓர் உறுப்பு எனக்குள் இருப்பதே அது கெட்டுப்போன பிறகுதான் தெரியும். அதில் கல் கல்லாகக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் சாறு சுரக்கவில்லையாம். "எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?" என்று போகிற இடமெல்லாம் டாக்டர்கள் கேட்டார்கள். கடைசியாகக் கேட்டவரிடம், "இனிமேதான் ஆரம்பிக்கணும் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ள ஒரு கேப்சூல் எழுதிக் கொடுத்தார்.

நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கும் பெருநகர் கிராமத்துக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஊரில் என் மனைவிக்கு என்னைவிட மதிப்பு அதிகம். ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் எங்கள் தெருக் கூழைக் காய்ச்சுவதும், அண்டாவின் பக்கத்தில் நின்று ஊற்றுவதும் அவள்தான். அந்தக் கரண்டியை யார் கையில் வேண்டுமானாலும் கொடுத்துவிட மாட்டார்கள். அவள் மாமியார் கையிலிருந்து வாங்கியது அது.

என் வலி குறைந்தால் நான் அலகு குத்திக்கொள்வதாக அவள் வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் அவளுடையது, கன்னம் என்னுடையது. வலியும் குறைந்துவிட்டது. கேப்சூலுக்கு ஒருவரும் காப்புக் கட்டவில்லை. அம்மனுக்குக் கட்டினோம். ஒரு மண்டலம் விரதம். ஒருவேளைச் சோறு, நெய் விட்ட பருப்பு, ரசம், கவிச்சி வாசனையே கூடாது.

விரதம் தொடங்கிய வாரம், மருந்துக் கடையில் வேலை செய்யும் ஒரு பையன் ஆட்டோவில் ஏறினான். டேஷ்போர்டில் கிடந்த கேப்சூல் அட்டையை எடுத்துப் பார்த்தான்.

"அண்ணே, இது பன்னியோட கணையத்துலேர்ந்து எடுக்கறது. தெரியும்ல?"

தெரியாது. என் கணையம் படுத்துக்கொண்டதால் ஏதோ ஒரு பன்றி எனக்காக உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நன்றி சொல்லாமல் அதை வேலையை விட்டு நீக்கினேன். காப்புக் கட்டிய கையோடு கவிச்சியை விழுங்க முடியாது அல்லவா? மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால், இத்தனை நாள் வேளைக்கு வேளை பன்றியை விழுங்கிய வாயை வாசலிலேயே நிறுத்தி மஞ்சள் தண்ணீரில் கழுவுவாள்.

கொஞ்ச நாளில் உடம்பில் கறுப்புக் கறுப்பாகக் கன்றிப்போக ஆரம்பித்தது. ஆட்டோ சீட்டுக் கம்பி தொடையில் பட்டால் போதும், கத்திரிக்காய் நிறத்தில் ஒரு வட்டம். அது பச்சையாகி மஞ்சளாவதற்குள் பக்கத்தில் இன்னொன்று. பல் தேய்த்தால் எச்சில் சிவப்பாக வந்தது. கக்கூஸில் எண்ணெய் மிதந்தது.

"இன்னா மாமே, வூட்ல டெய்லி பூசையா?" என்று ஸ்டாண்டில் கேட்டார்கள்.

"வெள்ளிக்கெழம மட்டும் லீவு" என்றேன். சவாரிக்குச் சவாரி இந்த ஜோக் மெருகேறியது. ஒருநாள் என் மனைவி முழங்கைக்கு மேலே அழுத்திப் பார்த்து, "இன்னாய்யா இது, நெஜமாவே அடி வாங்கினியா?" என்றாள். "நீதான் அடிச்சன்னு ஊரே சொல்லிக்கினு கீது" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள்.

அலகு குத்தும்போது ரத்தம் வராது. வரவும் கூடாது. விபூதியை அழுத்திப் பூசி வேலைச் செருகினால் ஒரு சொட்டுக்கூட எட்டிப் பார்க்காது என்பது ஊரின் கணக்கு. எனக்கு முன்னால் குத்திக்கொண்டவர்கள் எல்லோரும் அப்படியே காய்ந்த கன்னத்தோடு நடந்தார்கள். என் கன்னத்தில் வேல் நுழைந்ததும் ரத்தம் தாடையில் இறங்கி, மார்பில் வழிந்து, மஞ்சள் வேட்டியை நனைத்தது. பூசாரி விபூதியை அள்ளி அள்ளி அப்பினார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். கடைசியில் அலகை உருவிவிட்டுத் துணியைத் திணித்தார். துணி நனைந்தது, இன்னொரு துணி, அதுவும் நனைந்தது. மேளம் நின்றுபோயிற்று.

"வெரதம் கெட்டுப்பூட்ச்சி" என்றது ஒரு குரல்.

"அவன் ஒயுங்காத்தான் இருந்தான். வூட்ல பாரு."

"தீட்டோட வந்து அண்டாவைத் தொட்டிருப்பா."

எல்லாத் தலைகளும் கூழ் அண்டாவின் பக்கம் திரும்பின. என் மனைவி கரண்டியோடு நின்றாள். வரிசையில் இருந்தவர்கள் சொம்பைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். வாழ்நாள் முழுக்க ஓயாமல் பேசிய என் வாயில் அப்போது துணி அடைத்திருந்தது. நான் கையை ஆட்டினேன். சாமி வந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

என் ஆட்டோவிலேயே, வேறொருவர் ஓட்ட, ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கணைய வியாதி என்று மனைவி சொன்னதும் அங்கிருந்த டாக்டரம்மா, "கேப்சூல் போடறாரா?" என்று கேட்டார். பஞ்சு அடைத்த வாயோடு இல்லை என்று தலையை ஆட்டினேன். "ஏன் நிறுத்துனீங்க?"

மூக்கு நுனியை விரலால் மேலே தூக்கிக் காட்டினேன். மூக்கிலிருந்தும் ரத்தம் வருகிறது என்று நினைத்து அவர் டார்ச்சை எடுத்தார். மனைவிதான் புரிந்துகொண்டாள்.

"பன்னியா?" என்றாள். தலையாட்டினேன்.

டாக்டரம்மா ஊசி போட்டுக்கொண்டே அவளிடம் சொன்னார்: "ரத்தம் உறையறதுக்கு கே-ன்னு ஒரு விட்டமின் வேணும்மா. அது கொழுப்போட சேர்ந்துதான் ஒடம்புல ஏறும். இவருக்குக் கேப்சூல் இல்லாம கொழுப்பு செரிக்காது. எல்லாம் வெளிய போயிடும். ஒடம்புல கன்னிப்போனப்பவே வந்திருக்கணும்."

ஊசிக்குப் பிறகு பிளாஸ்மா ஏற்றினார்கள். மெல்ல மெல்ல ரத்தம் நின்றது. மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் இல்ல" என்றாள்.

அவளும் தன்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கன்னம் ஆறியதும் ஊர் முழுக்கச் சொன்னேன். ஸ்டாண்டில் சொன்னேன், சவாரியில் சொன்னேன், பூசாரியிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். கொழுப்பு, விட்டமின், பன்றி எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினேன். என் வாயிலிருந்து வந்ததால் அதுவும் ஜோக் ஆகிவிட்டது. பன்றி வரும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காதவர்கள், "அப்ப அந்த வூட்ல பன்னி வேற தின்னாங்களா?" என்று கேட்டார்கள். இருந்த குற்றத்தைக் கழிக்கப் போய் இன்னொன்றைச் சேர்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஆடியில் அவள் தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். பக்கத்து வீட்டுப் பெண் ஏற்கெனவே அண்டாவருகில் நின்றிருந்தாள். "நீ குந்துக்கா, நான் ஊத்தறேன்" என்றாள், குரலில் கோபமே இல்லாமல். என் மனைவி உட்காரவில்லை. கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உலை வைத்தாள்.

எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னா சும்மா கீற? எதனா சொல்லேன், சிரிக்கலாம்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.