படையலில் வைக்காத பாட்டில்

கோதண்டராமன் சார் இறந்த செய்தி, எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைப் படங்கள் வரிசையாக விழுந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது. "இனிமையான மனிதர்" என்று எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. வேதியியல் துறையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அவருக்கு இனிப்பே ஆகாது. பால்கோவாவுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, யார் அதை நீட்டினாலும் "வேணாம் சார், நாக்கு தூங்கிரும்" என்பார்.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. போன தீபாவளிக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த அவர் மகன் ரமேஷ் இரண்டு பாட்டில் கறுப்பு பீர் கொண்டுவந்திருந்தான். போர்ட்டர் என்று பெயர். ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறியது. மடவார் வளாகம் பகுதியில் இருந்த தன் வீட்டு மாடிக்கு என்னைக் கூப்பிட்டார் சார். நான் ஐஸ் கட்டி கேட்டேன். "நல்லாக் கேட்டீங்க போங்க! நாக்கு மரத்துப்போனா பொறவு என்னத்தக் கண்டுபிடிப்பீங்க? செத்த நேரம் வெளியவே இருக்கட்டும்."

முதல் வாயில் வறுத்த காப்பிக்கொட்டை தெரிந்தது. அடுத்து கருப்பட்டி, கொஞ்சம் தீய்ந்தது. அதற்கும் அடியில், மழையில் நனைந்த மரக்கதவின் வாசனை. பிரமாதம் என்றேன். "தீர்ப்பு இருக்கட்டும் சார். முழுங்கின பொறவு என்ன நிக்குது? அதச் சொல்லுங்க." கசக்கிறது என்றேன். "பாகற்காக் கசப்பா, மாத்திரைக் கசப்பா?" பாகற்காய் என்றேன். "அப்ப நல்ல கசப்புதான்" என்று சிரித்தார். இன்னொரு பாட்டிலை என்னிடமே கொடுத்துவிட்டார். "நான் முந்திப் போயிட்டா இத எனக்குப் படையல்ல வைங்க. பால்கோவாவ வச்சிராதீங்க."

பதினாறாம் நாள் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். படத்துக்கு முன்னால் இலையில் பால்கோவா குவிந்திருந்தது. இறந்தவர் பிரியப்பட்டதை வைப்பதுதானே படையல்? ரமேஷைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பா கேட்டதைச் சொன்னேன். அவன் சொந்தக்காரர்களுக்குக் கேட்கும்படி, "அப்பாவுக்கு அந்தப் பழக்கமே கெடையாது அங்கிள். எடுத்துட்டுப் போயிருங்க" என்றான். வாங்கிக்கொண்டு வந்தவனே அவன்தான். பந்தியில் உட்காராமல் படியிறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஐஸ் போடாமல் ஊற்றினேன். காப்பி இருந்தது, கருப்பட்டி இருந்தது, நனைந்த கதவும் இருந்தது. விழுங்கிய பிறகு என்ன நிற்கிறது என்று கேட்கத்தான் ஆள் இல்லை. சார், உங்களிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தக் கேள்விதான். பதிலையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரைக் கசப்பு, சார்.