ரம்பத்துண்டுக் கத்தி

ஆயர் குரோவில் டயர் கடையைத் தாண்டும்போது ரப்பர் கருகும் வாடை வந்தால் போதும், வீடமைப்புக்காக இடித்துவிட்ட எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடும் அதன் பின்வாசலில் அம்மா கத்தி செய்த சாயங்காலமும் எனக்கு நினைவுக்கு வந்துவிடும். அப்பா அடித்து வீங்கிய கன்னத்தோடு அவள் உடைந்த ரம்பத்துண்டில் பழைய சைக்கிள் டியூப்பைப் பிடியாக இறுக்கிச் சுற்றி, டியூப் நுனியைத் தீயில் உருக்கி ஒட்டி, பிறகு கல்லில் சர்ர் சர்ரென்று தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பல் கூசியது.

வேலையிலிருந்து வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"எதுக்குடி இது?"

"மீன் வெட்டத்தாங்க," என்றாள், நிமிராமல்.

வீட்டில் மீன் இல்லை.

அதன்பின் அப்பா அவள்மேல் கை வைத்ததேயில்லை. நான்தான் அம்மா பக்கத்தில் படுக்கப் பயந்து, அப்பாவை ஒட்டிப் படுக்கத் தொடங்கினேன்.