ஜன்னலோரத்து இரண்டாவது இலை

தனியாகச் சாப்பிட வருகிறவர்களுக்கென்று எல்லா மெஸ்ஸிலும் ஓர் இடம் உண்டு. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலி அது. போகிறவர் வருகிறவர் எல்லாம் கையை உதறிவிட்டுப் போவார்கள், அந்தத் தண்ணீர் நம் தோளில் விழும். கொடைக்கானல் குளிரில் அது ஒரு தண்டனை. இந்த ஊரில் இருபது வருடம் இருந்தும் எனக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம், நான் ஒருநாளும் தனியாகச் சாப்பிடப் போனதில்லை.

பதினோரு வருடம் நானும் என் சிநேகிதியும் செண்பகனூரில் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நான் அதே பள்ளியின் ஆபீஸில் கிளார்க். இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி அக்கம்பக்கத்துக்கே சலித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுப்புக்கு விடுமுறை. டவுன் பஸ் பிடித்துச் சந்தைக்குப் போவோம். காய் வாங்கிக்கொண்டு, பக்கத்து மெஸ்ஸில் ஜன்னலோர மேஜையில் எதிரெதிரே உட்காருவோம். நான் ரசத்தை டம்ளரில் வாங்கிச் சூடாகக் குடிப்பேன். அவள் என் அப்பளத்தை எடுத்துக்கொள்வாள். கேட்டெல்லாம் எடுக்க மாட்டாள். அதற்காக எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

போன வருடம் மழைக்கு முன்னால், கோயம்புத்தூரில் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று அவள் கிளம்பினாள். அங்கேயே ஒரு பள்ளியில் வேலையும் கிடைத்தது. போகாதே என்று நான் சொல்லியிருக்கலாம். "போயிட்டு வா, எனக்கென்ன" என்றேன். என் வாய் அப்படி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழக்க தோஷத்தில் மெஸ் வாசலில் போய் நின்றேன். எங்களுக்கு எப்போதும் பரிமாறுகிற மீசைக்காரர் என்னைப் பார்த்தார். தொட்டிக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. என் வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு பேருண்ணே. டீச்சர் பின்னாடி வர்றாங்க."

அவர் ஒரு நிமிடம் நின்றார். "சரிங்க மேடம்" என்று ஜன்னலோர மேஜையைத் துடைத்து, இரண்டு டம்ளர் வெந்நீர் வைத்தார். எதிர் டம்ளரில் ஆவி அடங்குவதற்குள் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன். முழு அப்பளம் அவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

ஒரு பொய்தானே என்று நினைத்தேன். வாராவாரம் ஒன்று வேண்டியிருந்தது. பஸ் கிடைக்கவில்லை போல, தலைவலி என்றாள், பரீட்சைப் பேப்பர் திருத்துகிறாள். சாப்பிடும்போது நடுநடுவே போனைப் பார்த்து, தாமதமாக வருகிறவர் மேல் கோபப்படுவதுபோல் உச்சுக்கொட்டுவேன். "இங்க ஆள் வருதா?" என்று யாராவது நாற்காலியைத் தொட்டால், "வர்றாங்க" என்பேன். நன்றாகத்தான் நடித்தேன். மீசைக்காரரும் எதுவும் கேட்காமல் வாராவாரம் இரண்டு டம்ளர் வைத்துவிடுவார். அவரை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. வீட்டுக்குப் போனதும்தான் அழுகை வரும்.

மே மாதம் வந்தது. சீசனில் எங்கள் ஊர் எங்களுக்கு இல்லை. ஏரியைச் சுற்றி வண்டி, வண்டியைச் சுற்றி ஜனம். ஒரு சனிக்கிழமை அவள் போன் செய்தாள். "நாளைக்கு மத்தியானம் நேரா மெஸ்ஸுக்கே வந்துடுறேன்டி." அன்றைக்கு வீட்டை இரண்டு முறை பெருக்கினேன்.

ஞாயிறு பதினொன்றரைக்கே போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். "இன்னைக்கு ரெண்டு எலையும் போட்டுடுங்கண்ணே. பழனி தாண்டிட்டாங்க" என்றேன். பழனி என் சொந்தச் சரக்கு. அவர் தயங்கினார். பிறகு எதிரே இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார். ஒன்பது மாதத்தில் அந்தப் பக்கம் விழுந்த முதல் இலை.

பன்னிரண்டேகாலுக்குப் போனில் ஒரு போட்டோ வந்தது. பூந்தோட்டத்தில் அவள், அண்ணன் குடும்பம். கீழே, "ஸாரிடி. பிள்ளைங்க ஒரே அடம், ஊட்டிக்கு வந்துட்டோம்."

ஊட்டி! கொடைக்கானல்காரியைக் காக்க வைத்துவிட்டு ஊட்டி! முதலில் ஊர்க்காரியாகத்தான் கோபம் வந்தது. மற்றது கொஞ்சம் பொறுத்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே சந்தை மங்கியது. மூடுபனி என்று சொல்லலாம்தான், ஆனால் அன்றைக்கு நல்ல வெயில்.

இதற்குள் மெஸ் நிரம்பி, ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் இடத்துக்காக ஆள் நின்றது. எனக்கு எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பேத்துப்பாறையிலிருந்து பூண்டு விற்க வந்த ஓர் அம்மா, காலிக் கூடையோடு நின்றாள். மீசைக்காரர் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"மேடம், எலை சும்மா கெடக்கு. போட்ட எலையச் சாப்பிடாம எடுத்தா மொதலாளியம்மாவுக்கு ஆகாது. என்ன செய்யட்டும்?"

"அவங்க வரமாட்டாங்கண்ணே" என்றேன். "கோயம்புத்தூர் போய் ஒம்பது மாசம் ஆச்சு."

"தெரியும் மேடம். போன அன்னைக்கு வெள்ளனே இங்கதான் இட்லி பார்சல் வாங்கிட்டு பஸ் ஏறுனாங்க. இனிமே மேடம் ஒத்தையாத்தான் வருவாங்க, தொட்டிக்கிட்ட உக்கார வச்சுடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதல் நாளே தெரிந்துகொண்டுதான் இந்த மனிதர் அத்தனை வாரமும் இரண்டு டம்ளர் வைத்திருக்கிறார். நான் உச்சுக்கொட்டியதையெல்லாம் பார்த்திருக்கிறார். அவள் மேல் இருந்த கோபத்தையும் இனி முழுதாக வைத்துக்கொள்ள வழியில்லாமல் போனது.

"உக்காருங்கம்மா" என்று எதிர் நாற்காலியைக் காட்டினேன். கூடையை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு அந்த அம்மா உட்கார்ந்தாள்.

"ஒத்தையாவா வந்தீங்க?"

"ஆமாம்மா. ஒத்தைதான்."

சொல்லிவிட்டேன். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, பசி. மீசைக்காரர் சோறு வைத்து, குழம்பு ஊற்றி, அப்பளத்தோடு அவள் இலைக்குக் குனிந்தார். அவள் கையால் மறித்தாள்.

"எனக்குப் பல்லுக்கு ஆகாது. அந்தம்மாவுக்கு வைங்க."

என் இலையில் இரண்டு அப்பளம் விழுந்தன. இரண்டையும் நானே தின்றேன்.