“புரியல சார்”

1973-ல் நடந்தது. அப்போது நாங்கள் காரைக்காலில் மாதா கோயிலுக்குப் பின் தெருவில் குடியிருந்தோம். நான் ஓர் அலுவலகத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சர். பள்ளியிறுதித் தேர்வில் நல்ல மார்க் வாங்கிய என் தம்பிக்கு வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பி.யூ.சி. இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன்தான். கோயிலில் பூசைக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

சில வாரம்கூட ஆகவில்லை, இனிமேல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. பள்ளியில் தமிழிலேயே படித்தவன் அவன். அங்கே எல்லாம் இங்கிலீஷ். வேதியியல் ஆசிரியர் கடகடவென்று சொல்லிக்கொண்டே போக, இவன் எழுந்து, “புரியல சார், இன்னொரு தரம் சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறான். “புரியாதவனெல்லாம் இங்க எதுக்கு வர்றே? ஊர்ல மேய்க்க மாடு இல்லையா?” என்றாராம் அவர். வகுப்பே சிரித்திருக்கிறது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லீவு போட்டுவிட்டுப் போய் அந்த ஆசிரியரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்காதது தன் தப்பா என்று கேட்டார், என் முகத்தைக்கூடப் பார்க்காமல். சரியென்று தம்பி படித்த பள்ளிக்குப் போனேன். பாஸ் பண்ணி அனுப்பியதோடு எங்கள் வேலை முடிந்தது என்றார் தலைமையாசிரியர். இரண்டு பேரும் கையைக் கழுவிவிட்டார்கள். எவ்வளவு கெஞ்சியும் தம்பி திரும்பப் போகவில்லை. மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கச் சேர்ந்தான்.

அந்த ஆத்திரத்தில்தான் ஆரம்பித்தேன். கல்லூரி வாசலில் போய் நின்றபிறகு விழித்துப் பிரயோஜனமில்லை என்று, அக்கம்பக்கத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். எனக்கு வேதியியல் தெரியாது. டிக்டேஷன் தெரியும். தம்பி தூக்கிப்போட்ட கல்லூரிப் புத்தகத்தை எடுத்து, சுருக்கெழுத்துப் பயிற்சியில் எங்களுக்கு வாசித்த மாதிரியே முதலில் மெதுவாகவும் போகப்போக வேகமாகவும் வாசித்தேன். காதில் விழுந்ததை அவர்கள் எழுத வேண்டும். விட்டுப்போனால் எழுந்து நின்று, இன்னொரு முறை சொல்லும்படி இங்கிலீஷில் கேட்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர்கள் உயிரை வாங்கினேன்.

கருக்களாச்சேரியிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா தன் மகனையும் அனுப்பினார். ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று கேட்டவர், “ஒண்ணும் வெளங்காம எழுதி என்னம்மா ஆவப்போவுது?” என்றார்.

“வெளங்கலன்னு கேக்கத் தெரிஞ்சாப் போதும்க்கா” என்றேன்.

மூன்று வருடம் கழித்து அந்தப் பையன் அதே கல்லூரியில் சேர்ந்தான். முதல் வாரமே, ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தான். வேதியியல் வகுப்பில் எழுந்து, நான் பழக்கிய வாக்கியத்தைச் சொல்லிக் கேட்டானாம். ஆசிரியர் ‘குட்’ என்று சொல்லிவிட்டு, நிறுத்தி நிதானமாகத் திரும்பச் சொன்னாராம்.

“அத்தன பேரும் குனிஞ்சு எழுதுனாங்கக்கா. யாருக்குமே புரிஞ்சிருக்கல” என்றான்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். பட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. அவனுக்குக் காப்பி கலக்க அடுப்படிக்குப் போனேன். கடையிலிருந்து வந்து அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி, தட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டான்.

“அதே சாராக்கா?”

ஆமாம் என்றேன். அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

வகுப்பில் தம்பி கேட்டதும் அதையேதான். தமிழில் கேட்டான், அதுதான் அவன் செய்த குற்றம். அன்றைக்குச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்?

எண்பதுகளிலும் பல பிள்ளைகளை அப்படித் தயார்செய்து அனுப்பினேன். நன்றாகப் படித்து வேலைக்குப் போனவர்கள் இன்றும் வழியில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். எனக்கு என்னவோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த இங்கிலீஷ் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம், ‘புரியல சார்’ என்று கேட்டால் போதாதா என்று வந்த கோபம் இந்த வயதிலும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.