சம்பத் போட்ட சிவப்புக் கோடு

சம்பத் போய்விட்டார்.

அவருடைய தங்கை என்னை முகநூலில் தேடிப் பிடித்து, இன்று காலை மயிலாப்பூரிலிருந்து போன் செய்தார். "அண்ணா போன வாரம் போய்ட்டான். அவனோட வேலை பார்த்தவான்னு எங்களுக்குத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான்."

எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்...

எழுபதுகளின் ஆரம்பம். அடையாறு தாண்டி ஒரு பஞ்சாயத்து ஆபீஸ். பெயர் வேண்டாம், இப்போது அந்த ஆபீஸே இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தோம். ஒரு வருடம் கழித்து ஹெட் கிளார்க் ரிப்போர்ட் எழுதுவார். ரிப்போர்ட் நன்றாக இருந்தால் வேலை நிரந்தரம்.

சம்பத்துக்குத் தபால் மேசை. வருகிற காகிதம், போகிற காகிதம் எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டு ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். பக்கத்து மேசையில் நான், பிறப்பு இறப்புப் பதிவு.

சம்பத் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். டைப்ரைட்டர் சத்தம் தாங்காமல் காதில் பஞ்சு வைத்திருப்பார். தினமும் அதே தயிர்சாதம், அதே நார்த்தங்காய், அதே ஜன்னல் ஓரம்.

அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும். வேண்டுமென்றே உட்காருவார்கள். ஒரு நாள் நானும் உட்கார்ந்தேன். சிரித்தேன் கூட.

ஒரு மீன்காரம்மா, புருஷன் இறந்த சர்டிபிகேட்டுக்காக நடையாய் நடந்துகொண்டிருந்தார். "நாளைக்கு வாம்மா" என்று சொல்லி அனுப்பினேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டோம்.

மறுநாள் காலை அந்த மனு என் மேசையில் இருந்தது. "இன்னிக்கு வரச் சொன்னேள். வந்துட்டா. வாசல்ல நிக்கறா" என்றார் சம்பத்.

முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தேன். அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை. "ஒரு மாசமா நடந்துகினு கீறேன் நைனா, நீதான் இன்னான்னு கேட்ட" என்று சம்பத்திடம் சொன்னார். சம்பத் சுவரைப் பார்த்து, "மனு நம்பர் இருநூத்திப் பதினாலு" என்றார்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் தபால் ரிஜிஸ்டரை மூடும்போது கடைசியில் இரண்டு வரி காலியாக விட வேண்டும். வேண்டப்பட்டவர்களின் மனு தாமதமாக வந்தால், முன்பே வந்த மாதிரி அதில் நுழைத்துக்கொள்வதற்கு.

சம்பத்துக்கும் இதைச் சொன்னார்கள். ஆனால் அவர் ஸ்கேல் வைத்து, கடைசி மனுவுக்குக் கீழே ஒட்டினாற்போல் சிவப்புக் கோடு போட்டுத்தான் மூடுவார்.

மார்க்கெட்டில் கடை கேட்டு மனு போடும் சமயம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஒரு பெரிய மனிதரின் மனு திங்கட்கிழமை வந்தது.

ஹெட் கிளார்க் வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினார். சிவப்புக் கோடு. முந்தின நாளும் அப்படியே... சேர்ந்த நாளிலிருந்து எல்லாப் பக்கமும் அப்படியே.

"யாருய்யா கோடு போட்டது?"

"நான்தான் சார். அன்னிக்கு அவ்வளவுதான் வந்தது."

"சரி, புது ரிஜிஸ்டர் தரேன். முதல்லேர்ந்து எழுது."

"அன்னிக்கு அவ்வளவுதான் சார் வந்தது."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதில், அதே குரல். எதிர்த்துப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியவே இல்லை.

அந்த வாரமே ரிப்போர்ட் தயாரானது. புத்தி சுவாதீனம் இல்லாதவர், பொதுமக்களோடு பழகத் தகுதியற்றவர் என்று. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"நீதாம்மா பக்கத்து மேசை. உன் ரிப்போர்ட்டையும் நான்தான் எழுதணும், யோசிச்சுக்கோ" என்றார் ஹெட் கிளார்க்.

யோசித்தேன். சிந்தாதிரிப்பேட்டையில் ஒற்றை அறை வீடு, படுத்த படுக்கையாய் அப்பா, எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். எல்லாம் உண்மைதான். கையெழுத்துப் போட்டேன்.

மேலதிகாரிக்குப் போகிற எந்தக் காகிதமும் சம்பத் நம்பர் போடாமல் போகாது. இந்த ரிப்போர்ட்டும் அவர் கைக்குத்தான் போகும் என்று ஹெட் கிளார்க்குக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. பேசாமல் இருந்தேன்.

சம்பத் முழுதாகப் படித்தார். ரிஜிஸ்டரில் தன் குண்டு குண்டு எழுத்தில் ஏற்றினார். பொருள்: அப்ரண்டிஸ் சம்பத், புத்தி சுவாதீனமின்மை, பணியிலிருந்து விடுவித்தல்.

பிறகு அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். என் கையெழுத்துக்குக் கீழே விரலை வைத்தார்.

"கோமதி, தேதி போடலை. தேதி இல்லாம அனுப்பக் கூடாது."

போட்டேன்.

அன்று சாயங்காலமும் கோடு போட்டு மூடிவிட்டுத்தான் போனார்.

ஒரு மாதம் கழித்து அவருடைய அம்மா ஆபீஸ் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். "ஆத்துல யாரோடயும் பேச மாட்டேங்கறான். என்னாச்சுன்னு நீயாவது சொல்லேம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒன்னும் தெரியாது மாமி" என்றேன்.

எனக்கு வேலை நிரந்தரமானது. ரிட்டயர் ஆகும்வரை பார்த்தேன். அவருக்குப் பிறகு அந்தத் தபால் மேசையும் எனக்கே வந்தது... தினமும் இரண்டு வரி காலியாக விட்டேன்.

அவர் அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் போகவில்லை. வயதான பிறகுதான் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னாராம். அதுவரை அவரைப் பற்றி வீட்டில் இருந்தது அந்த ரிப்போர்ட்டின் நகல் மட்டும்.

வீட்டுக்கு வருகிற தபாலை எல்லாம் நோட்டுப் போட்டு ஏற்றிக்கொண்டிருந்தாராம். கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, எல்லாம். "தினம் சாயந்திரம் செவப்புக் கோடு போடாம காபி குடிக்க மாட்டான்" என்றார் தங்கை.

அத்தனை வருட நோட்டில் என் கடிதம் ஒன்றுகூட இருக்காது. மயிலாப்பூருக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர்... அதுகூட எழுதவில்லை நான்.

போய் வாருங்கள் சம்பத். இதை இன்றைய தேதியில்தான் எழுதுகிறேன்.

இதற்கு நீங்கள் காலி வரி விட்டிருக்க மாட்டீர்கள்.